எழுபத்து மூன்று விழுக்காடு ரேணுகா

ஜெனிதாவின் ஆமை செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

கல்லூரி அலுவலக ஜன்னலருகே இருந்த திரை காரணத்தை ஒரே வரியில் சொன்னது: இந்தக் கை உங்களுடையதல்ல. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரிகள். ரேணுகாதேவி, மறைவு, 73 விழுக்காடு. ஜெனிதா, 27 விழுக்காடு.

அவள் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் ஓரத்தில் பென்சில் கரி. நடுவிரலில் காய்ப்பு. மணிக்கட்டில் காப்பு. இருபத்தொரு வருடமாக அவள் தோளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"அண்ணே, இது என் கைதான்."

"மெஷின் இல்லங்குது." ஜன்னலுக்கு உள்ளே இருந்த கிளார்க் நிமிரவில்லை.

"ரேணுகாதேவி யாருண்ணே?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? உன் படத்துக்குள்ள இருக்கிற ஆளை என்னைக் கேக்கிற."

"எட்டு மாசம் உக்காந்து வரைஞ்சிருக்கேன்."

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு ஜன்னலைச் சாத்திருவேன். அதுக்குள்ள சான்றோட கொண்டா. இல்லாட்டி அடுத்த வருஷம்."

அடுத்த வருஷம் என்பதை அடுத்த பஸ் என்பது போலச் சொன்னார்.

திருப்பி அனுப்பப்பட்டது அவளுடைய இறுதியாண்டுத் திட்டம். குழந்தைகளுக்கான படப் புத்தகம், இருபத்து நாலு பக்கம். ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் ஏறும் ஓர் ஆமை, முதுகில் இருப்பது லக்கேஜா இல்லையா என்று சத்திரம் பேருந்து நிலையம் வரை கண்டக்டரோடு சண்டை போடும். அவ்வளவுதான் கதை. அதற்காக ஜெனிதா எட்டு மாதம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்திருந்தாள்.

மனிதர் வரைந்ததா, மெஷின் வரைந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாமல் போன பிறகு வந்தது கைச்சான்றுச் சட்டம். வரைகிறவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை அணிய வேண்டும். தசை எப்படி இழுக்கிறது, கோடு எங்கே தயங்குகிறது, எங்கே ஓடுகிறது என்று அது குறித்துக்கொள்ளும். ஒவ்வொருவர் கையும் பதிவேட்டில் இருக்கும். படத்தைக் கொடுத்தால், இது இன்னார் கை என்று சான்று வரும். சான்று இல்லாத படத்தை அச்சகம் வாங்காது, கல்லூரி வாங்காது, காதுகுத்து வீட்டார்கூட வாங்க மாட்டார்கள். பட்டைக்கு நீளமான அரசாங்கப் பெயர் உண்டு. மாணவர்கள் காப்பு என்றார்கள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கணினியில் இருந்த மற்ற படங்களையும் ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் ஏற்றிப் பார்த்தாள்.

லால்குடி வளர்மதி அக்கா மகனின் காதுகுத்துப் பேனருக்கான படம், எல்லாரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, ரோஜாப்பூக் கன்னத்தோடு: ஜெனிதா, 98. ஒரு ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடிக்காக வரைந்த யானை: ஜெனிதா, 97.

கடைசியாக 'பின்சீட்டு'. அது யாருக்காகவும் வரைந்ததல்ல. சனிக்கிழமை சாயங்காலங்களில் சத்திரம் சிக்னலில் நின்று, வண்டிகளில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் வரைவாள். நெஞ்சோடு மின்விசிறியைக் கட்டிப் பிடித்திருப்பவர். ஓட்டுகிறவனோடு சண்டை போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்திருப்பவள். மூன்று வருடத்தில் நானூற்றுச் சொச்சம் படங்கள். உலகத்தில் தனக்கென்று இருப்பது இதுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

ரேணுகாதேவி, மறைவு, 91.

"அப்ப நீ கடனேன்னு வரையறதுதான் உன் கை," என்றாள் மும்தாஜ், தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. அறைத்தோழி. நான்கு வருடமாக ஒரே அலமாரியைப் பங்கு போட்டவள். "ஆசையா வரையறது செத்தவங்க கை. நல்லா இருக்குடி."

"செருப்பால அடிப்பேன்."

"எந்தக் கையால?"

புகழேந்தி சார் கேண்டீனில் இருந்தார். முதலாண்டுக்குக் கோட்டோவியம் எடுப்பவர். வடையை வாயருகே கொண்டுபோனவர், ரேணுகாதேவி யார் என்று ஜெனிதா கேட்டதும் திரும்பத் தட்டில் வைத்தார்.

"உனக்கு எத்தனை?"

"எழுபத்து மூணு சார்."

"எழுபத்து மூணா! காலையில நாலு பேர் வந்தாங்க. முப்பது, முப்பத்தஞ்சுன்னாங்க. நாற்பதுக்குக் கீழ இருந்தா சான்று வந்துரும், விடுன்னு அனுப்பிட்டேன்." அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நூத்தியிருபது தாளையும் போட்டியா நீ?"

போட்டிருந்தாள். முதலாண்டில் படியெடுக்கும் தாள்கள் தருவார்கள். கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் தாளை வைத்து, மேலே வெற்றுத்தாளை விரித்து, கோட்டின் மேல் கோடு போட வேண்டும். டம்ளர் பிடித்த கை, எருமையின் முழங்கால், நனைந்த சேலையின் மடிப்பு. எல்லாரும் இருபது தாளில் சலித்துப்போவார்கள். ஜெனிதா நூற்றிருபதையும் மூன்று முறை போட்டாள்.

"நீங்கதானே சார் சொன்னீங்க? கை பழகணும்னா ஒண்ணு விடாம போடணும்னு."

"எல்லா பேட்ச்சுக்கும்தான் சொல்றேன். எவன் செய்யறான்?" சார் குரலில் குற்றச்சாட்டு இருந்தது. "அந்தத் தாளெல்லாம் ரேணுகா வரைஞ்சது. இங்க ரெண்டு வருஷம் பார்ட் டைமா இருந்துச்சு. பாடத் தாள்தானேன்னு பேர் போடலை. நீங்க சேர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி இறந்துபோச்சு."

"சரி சார். ஆனா என் கையைப் பதிஞ்சது நாலு வருஷம் முன்னாடி. இப்ப என்ன திடீர்னு?"

சார் வடையை இரண்டாகப் பிட்டார். சாப்பிடவில்லை.

"பதிவு பண்ண வந்தாங்கல்ல, முதல் வாரம். ரெண்டு மணி நேரம் ஏதாவது வரைஞ்சுக்கிட்டே இருக்கணும்னாங்க. முப்பது பேர். இஷ்டத்துக்கு வரையச் சொன்னா பாதிப் பேர் பேனாவைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். அதிகாரி முன்னாடி மானம் போயிரும். அதனால..."

"அதனால?"

"படியெடுக்கற தாளைக் கொடுத்துட்டேன்."

ஜெனிதாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. வகுப்பே பயபக்தியோடு குனிந்திருந்தது. அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு முப்பது பேரும் தங்கள் கை என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்தது ரேணுகாவின் கையை.

"இத்தனை நாள் தெரியலை. ஏன்னா ரேணுகா பதிவேட்டுலயே இல்ல. போன மாசம் அவங்க வீட்டுக்காரர் பதிஞ்சிருக்கார். இறந்தவங்க கையை வாரிசு பதியலாம்னு இப்ப வந்திருக்கே. அவங்க படத்துக்கெல்லாம் பழைய தேதி. உன்னோடதுக்குப் புதுத் தேதி. மெஷின் என்ன பண்ணும்? அசல் அவங்க, நகல் நீன்னு எழுதிருச்சு. காதுகுத்துப் படமெல்லாம் யாரோட கையோடவும் ஒட்டலை. அதனால உன் பேர்ல போட்டுருச்சு."

"பதிவேட்டு ஆபீஸுக்கு எழுதலாமா சார், தப்பு நடந்துபோச்சுன்னு?"

"எழுதலாம். ஆறு மாசம் ஆகும். என்னையும் கூப்பிடுவான்." கடைசி வாக்கியத்தைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "இல்லைன்னா இருபத்து நாலு பக்கத்தையும் அந்தக் காதுகுத்துக் கையில திருப்பிப் போடு. அதுவும் இல்லைன்னா வாரிசுகிட்ட தடையில்லைன்னு கையெழுத்து வாங்கிட்டு வா. கே.கே. நகர்ல இருக்கார், விலாசம் தர்றேன்."

அவள் பதில் சொல்லுமுன் போன் அடித்தது. வளர்மதி அக்கா.

"கண்ணு, படம் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒண்ணே ஒண்ணு. புள்ளையை எங்கப் பெரியண்ணன் மடியில உக்கார வச்சிருக்கேல்ல? சின்னண்ணன் பாத்துட்டு, அப்ப நான் யாரு, நான் தாய்மாமன் இல்லையான்னு ஒரே சத்தம். வர மாட்டேங்குது."

"சின்ன மாமா மடிக்கு மாத்திரட்டுமாக்கா?"

"ஐயோ, பெரியண்ணன்தானே தோடு எடுக்குது!"

"ஒரு புள்ளைக்கா. ரெண்டு மடிக்கு நான் எங்கக்கா போறது?"

"நீ படிச்ச புள்ள, ஏதாவது பண்ணு கண்ணு. ஞாயித்துக்கிழமை விசேஷம். அப்புறம் சின்னண்ணனைக் கொஞ்சம் செவப்பாப் போடு. வெயில்ல அலைஞ்சு கறுத்துருச்சு, பொறப்பு அப்படியில்ல."

புதன்கிழமை பிற்பகல் அச்சுக்கலை வகுப்பு. லினோ தகடு செதுக்கிக் கொடுக்க வேண்டிய கடைசி நாளும் அதுதான். ஜெனிதா அதைப் பாதியில் மும்தாஜிடம் தள்ளிவிட்டு கே.கே. நகருக்குப் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். சீருடைச் சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்திருந்தன. சரவணமுத்து. கொதிகலன் தொழிற்சாலையில் வெல்டிங் மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்து விரிசல் பார்க்கும் வேலை. அடுத்த ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது என்றார்.

கூடத்தில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, துணி காயும் கொடி. மாலை போட்ட படம் எதிர்பார்த்து ஜெனிதா சுவரைப் பார்த்தாள். ஆணிகூட இல்லை. அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தாள்கள், பதிவு நாள், வெள்ளிக்கிழமை ஐந்து மணி. சொல்லச் சொல்ல எரிச்சல் ஏறியது. தன் கையைத் தன்னுடையது என்று சொல்ல முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் வந்து கெஞ்ச வேண்டியிருக்கிறது.

"ஏன் சார் பதிஞ்சீங்க?" என்று கேட்டே விட்டாள்.

"ஒரு கம்பெனி அவ படம் மாதிரியே மெஷின்ல போட்டு சோப்பு வித்தான். பதிஞ்சா நிறுத்தலாம்னாங்க. பதிஞ்சேன். சோப்பு நின்னுச்சு." போனை மேசையிலிருந்து எடுத்தார். "அப்புறம் நீங்க ஆரம்பிச்சீங்க."

"நானா?"

போனை அவள் பக்கம் திருப்பினார். ஒரு நீளமான பட்டியல். ரேணுகாதேவி, ஒப்புமை 70, உறையூர், காலை 6.45, ஐம்பது நிமிடம். ரேணுகாதேவி, ஒப்புமை 74, டவுன் பஸ், 8.15, இருபது நிமிடம். ரேணுகாதேவி, ஒப்புமை 91, சத்திரம் சிக்னல், மாலை 4.12, முப்பத்தெட்டு நிமிடம்.

ஜெனிதா பட்டியலைக் கீழே நகர்த்தினாள். அது அவளுடைய கடந்த ஒரு மாதம். எழுந்தது, பஸ் ஏறியது, நின்றது, உட்கார்ந்தது, எல்லாம். மேலே இன்னொருத்தியின் பெயர்.

"இது உங்களுக்கு வருதா?"

"யாராவது அவ கையில வரைஞ்சா வாரிசுக்குச் சொல்லணுமாம். சட்டம். வரைஞ்சது யாருன்னு சொல்லாது. இடமும் நேரமும் மட்டும்."

"நீங்க... அங்க வந்து பாத்தீங்களா?"

"ஒரு சனிக்கிழமை வந்தேன். சிக்னல்ல நிறையப் பேர் நின்னாங்க. யாருன்னு தெரியலை. போயிட்டேன்."

அவர் அதைப் பஸ் கிடைக்காமல் திரும்பியதைப் போலச் சொன்னார். கோபப்படுவதா பயப்படுவதா என்று ஜெனிதாவுக்குத் தெரியவில்லை. ஆமைப் பக்கங்களை எடுத்து மேசையில் பரப்பினாள்.

"நீங்களே பாருங்க சார். அவங்க கோடு உங்களுக்குத் தெரியும்ல? இது அவங்களோடது இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க போதும்."

சரவணமுத்து ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எக்ஸ்ரே பார்க்கிறவரின் பழக்கம் போல. கண்டக்டரின் முறைப்பை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குப் படம் தெரியாது," என்றார். "அவ வரையறதை நான் பாத்ததில்லை. நான் ஷிப்டுல இருப்பேன். வந்தா தூங்குவேன். அவ எப்ப வரைவா, எவ்வளவு நேரம் வரைவான்னு கேட்டதில்லை. டெங்கு. நாலு நாள்." பக்கத்தை மற்றவற்றின் மேல் விளிம்பு சரிசெய்து வைத்தார். "இப்பத்தான் தெரியுது. காலையில ஆறே முக்காலுக்கு."

"சார், அது நான். ஆறே முக்காலுக்கு உக்காந்து வரையறது நான்."

"தெரியும்மா."

"தெரிஞ்சா கையெழுத்துப் போடுங்களேன்."

"போட்டா இது நின்னுரும்ல?"

நின்றுவிடும். அதற்குத்தானே வந்திருக்கிறாள்.

"யோசிக்கிறேன்," என்றார். போன் நம்பரைக் கொடுத்தார். வாசல் வரை வந்து, பஸ் எந்தப் பக்கம் வரும் என்று கை காட்டினார்.

வியாழக்கிழமை முழுக்க ஜெனிதா கதவைச் சாத்திக்கொண்டு காதுகுத்துக் கையில் ஆமையை மறுபடி வரைந்தாள். வேறு வழியில்லை. யோசிக்கிறேன் என்று சொன்ன மனிதரை நம்பி ஒரு வருடத்தைப் பணயம் வைக்க முடியாது. கன்னம் உப்பியது. கண் பளபளத்தது. கண்டக்டருக்குப் பல் முளைத்தது. மாலைக்குள் ஒன்பது பக்கம் ஆயிற்று. சான்று உடனுக்குடன் வந்தது. ஜெனிதா, 96. ஜெனிதா, 98.

மும்தாஜ் லினோ மையோடு உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏய், உன் ஆமை காதுகுத்துக்கு வந்த மாதிரி இருக்குடி."

"வாயை மூடு."

"கண்டக்டர் தோடு எடுத்துட்டு வந்திருக்காரு போல."

ஜெனிதா தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் போட்டாள். குவளை கவிழ்ந்தது. இருவரும் ஒரே சமயத்தில் தாள்களை இழுத்தார்கள். ஒன்பதில் ஐந்து நனைந்துபோயின. மும்தாஜ் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தாள். ஜெனிதா அழவில்லை. நனைந்த பக்கங்களில் ஆமை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் இதை வச்சு பாஸ் பண்ணினா," என்றாள், "அப்புறம் ஆயுசுக்கும் இதைத்தான் வரையணும். மெஷினுக்கு இதுதான் நான்."

மும்தாஜ் துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். "அந்த ஆளுக்கு ஒரு தடவை போன் பண்ணிப் பாரேன்."

மூன்று தடவை செய்தாள். ஷிப்டில் போனை வெளியே வைத்துவிட்டுப் போவார்களாம். மணி அடித்து அடித்து நின்றது. அதற்குப் பிறகு அவளுக்கு வந்த அழைப்பு வளர்மதி அக்காவுடையது.

"கண்ணு, ஒரு யோசனை. ரெண்டு பேரையும் ஒட்டி உக்கார வச்சு, புள்ளையை நடுவுல, ஒரு தொடை பெரியண்ணனோடது, ஒரு தொடை சின்னண்ணனோடது..."

"பண்றேன்க்கா."

"யார் தொடை மேல இருக்கு?"

"ஒரே மட்டம்க்கா. அளந்து போடறேன்."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஜெனிதா அலுவலக வராந்தாவில் இரண்டு உறைகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்றில் அசல் இருபத்து நாலு பக்கம், சான்று இல்லாமல். இன்னொன்றில் சிரிக்கும் ஆமை, பன்னிரண்டு பக்கம், சான்றோடு. பாதிப் புத்தகத்தை ஏற்பார்களா என்று கேட்டதற்கு கிளார்க், பாதி வருஷம் என்று ஒன்று இல்லையே என்றார்.

நாலே காலுக்குச் சீருடையோடு, கையில் தலைக்கவசத்தோடு சரவணமுத்து வந்தார். நேராக ஜன்னலுக்குப் போய், "எங்க போடணும்?" என்று கேட்டார். கிளார்க் ஒரு படிவத்தை நீட்டினார். நின்றபடியே நிரப்பி, கட்டை விரலை வைத்து, கையெழுத்தும் போட்டார். மொத்தம் மூன்று நிமிடம்.

ஜெனிதா ஓடி வந்தாள். "சார்... ரொம்ப தேங்க்ஸ் சார்."

"ஆமை நல்லா இருந்துச்சு," என்றார். "அந்த கண்டக்டரை எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்." வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்சீட்டில் சாப்பாட்டுப் பை கட்டியிருந்ததை அவள் பழக்கத்தில் கவனித்தாள்.

நாலே முக்காலுக்குச் சான்று வந்தது. அசல் ஆமை ஜன்னலுக்குள் போயிற்று. கிளார்க் முத்திரை குத்தி, ரசீதையும் படிவத்தின் நகலையும் நீட்டினார். மும்தாஜ் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கேண்டீனுக்குப் போய் இரண்டு டீ சொன்னார்கள்.

டீ வருவதற்குள் ஜெனிதா நகலைப் படித்தாள். படித்த இடத்திலேயே நின்றாள்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. தடையில்லை, நிரந்தரமாக. தடையில்லை, இந்த ஒரு படைப்புக்கு மட்டும். அவர் இரண்டாவதை டிக் அடித்திருந்தார்.

வெளியே வந்து போன் செய்தாள். இந்த முறை எடுத்தார். ஷிப்டுக்குள் நுழையாமல் இன்னும் தொழிற்சாலை வாசலில் இருந்தார். பின்னால் இரும்பு இடிக்கும் சத்தம்.

"சார், கட்டம் மாத்திப் போட்டுட்டீங்க."

"இல்லம்மா. பாத்துத்தான் போட்டேன்."

"அப்ப ஆமை மட்டும்தான் என்னோடதா? நான் நாளைக்கு வரையறது?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சார், அது அவங்க இல்ல. அது நான். நான் சிக்னல்ல நிக்கறேன். எனக்குக் கால் வலிக்குது. போலீஸ்காரர் என்னைத்தான் விரட்டறார். உங்க போன்ல அவங்க பேர் வருது. இது உங்களுக்குத் தப்பாத் தோணலையா?"

"தோணுது."

"அப்புறம்?"

"சனிக்கிழமை நாலு மணிக்கு ஒண்ணு வரும். அது மட்டும் வரட்டும்னு நினைச்சேன்." இரும்புச் சத்தம் நின்றது. "உங்களுக்குப் பாஸ் ஆயிருச்சுல்ல?"

ஜெனிதா போனை வைத்தாள். பாஸ் ஆயிற்று. ஆனால் நானூறு படங்களும், இனி வரையப்போகும் எல்லாமும் நாலு வருடத்துக்கு முன்பு இறந்துபோன ஒருத்தியின் பெயரில் இருக்கும். இதற்கு அந்த மனிதர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். பணம் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பாவம் என்று நினைக்கவும் முடியவில்லை, பாவம் இல்லை என்று விடவும் முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போல் சத்திரம் சிக்னலில், மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் நின்றாள். ஓவிய நோட்டைத் திறந்தாள். பிறகு காப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

மணிக்கட்டில் வெளிறிய வளையம் ஒன்று தெரிந்தது. காப்பு இல்லாமல் வரைந்தால் சான்று கிடையாது. சான்று இல்லாத படத்தை எந்தக் கண்காட்சியும் சுவரில் மாட்டாது. மெஷின் போட்டதென்று எவரும் சொல்லலாம். சொல்லட்டும்.

சிவப்பு விழுந்தது. ஒரு ஸ்கூட்டரின் பின்சீட்டில், புது வாஷ்பேசினை மடியில் வைத்து இரு கையாலும் அணைத்தபடி ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பேசினுக்குள் ஒரு கிலோ தக்காளி. ஜெனிதா தோளிலிருந்து தொடங்கினாள். அவளுக்குத் தெரியும், சேலை மடிப்பு திரும்பும் இடத்தில் பென்சிலை லேசாகத் தூக்கி விடுவது நாற்பத்தோராவது தாளில் கற்றது. அதைத் தவிர்க்க அழுத்தி வரைந்து பார்த்தாள். அசிங்கமாக இருந்தது. அழித்துவிட்டு லேசாகவே விட்டாள். தக்காளி எந்தத் தாளிலும் இல்லை. அது அவளாகப் போட்டது.

நாலே முக்காலுக்குப் படம் முடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நூற்றிருபது தாளில் ஒன்றிலாவது அந்த ரேணுகா மூலையில் பெயரெழுதியிருந்தால், கை பதிந்த அன்றைக்குப் புகழேந்தி சாருக்கேகூட உறுத்தியிருக்கும். ஜெனிதாவும் இதுவரை எழுதியதில்லை. காப்பு இருக்கும்போது பெயர் எதற்கு? பேனாவை எடுத்து வலது மூலையில் எழுதினாள். பழக்கமில்லாததால் எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

போன் அதிர்ந்தது. சரவணமுத்துவின் செய்தி.

'இன்னைக்கு வரலையே. உடம்பு சரியில்லையா ஜெனிதா?'

முதலில் வந்தது கோபம்தான். ஆசிரியர் வருகைப் பதிவேடு எடுப்பது போல! பதிலுக்கு ஏதேதோ எழுதி அழித்தாள். பிறகுதான் கடைசி வார்த்தையைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதிவேட்டுச் செய்திகளிலும் அந்தப் பெயர் இருந்ததில்லை.

படத்தை போனில் எடுத்து அனுப்பினாள். கீழே, 'நல்லா இருக்கேன். காப்பு போடலை. இது நான் வரைஞ்சது' என்று எழுதினாள்.

இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை போயிற்று. பதில் இல்லை. அதற்குள் போன் அடித்தது.

"கண்ணு," என்றார் வளர்மதி அக்கா, "கோச்சுக்காத. சித்தப்பா மகன் துபாய்ல இருந்து இறங்கிட்டான். நாளைக்கு வர்றானாம். அவனும் மாமன்தானே, அவனுக்கும் ஒரு தொடை..."

"அக்கா, புள்ளைக்கு மொத்தம் எத்தனை பக்கம்க்கா இருக்கு உக்கார?"

"ஓரமா கையையாவது புடிச்சுக்கட்டும் கண்ணு. உன் கை ராசியான கை."

"என் கைதான்க்கா. அதுல மட்டும் யாருக்கும் சந்தேகமே இல்லை. அனுப்பறேன்."

சிரிப்பு வந்தது. வெட்கமில்லாமல் வந்த சிரிப்பு. காப்பை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது. இரண்டு செய்திகள்.

'கீழே பேர் இருக்கு. அவ போட்டதே இல்லை.'

'திங்கக்கிழமை உங்க ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும்? இன்னொரு கட்டம் இருந்துச்சுல்ல.'

ஜெனிதா அதை இரண்டு முறை படித்தாள். பலகையில் பத்து மணி என்றுதான் எழுதியிருக்கும். அந்த ஜன்னல் ஒருநாளும் பத்து மணிக்குத் திறந்ததில்லை. அந்த மனிதர் ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்து வெயிலில் நிற்பார்.

'பத்தரைக்கு வாங்க,' என்று எழுதினாள்.